ஒரு முழம் தள்ளி

பஞ்சாபகேசன் தன் வாழ்நாளில் எந்தக் கமிட்டியோடும் மோதியவரில்லை. ரயில்வே கணக்கு இலாகாவில் இருந்த காலம் முழுக்க யூனியன் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, காபி குடித்து முடித்ததும் சத்தமில்லாமல் எழுந்து போனவர். அப்படிப்பட்டவரை பம்பாய் மாட்டுங்கா அபயா டவர்ஸில் எல்லோரும் விரல் நீட்டிக் காட்டும்படி செய்தது ஒரு வாணலி நேந்திரங்காய் வறுவல்.

அபயா டவர்ஸ் பத்தொன்பது மாடி. முன்பு அதே இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. பில்டர் அதை இடித்துவிட்டுப் பழைய குடித்தனக்காரர்களை வானத்தில் அடுக்கி வைத்தார். பஞ்சாபகேசனுக்கும் அவர் மனைவி விஜயலக்ஷ்மிக்கும் பதினாலாவது மாடி கிடைத்தது. விஜயலக்ஷ்மி கோட்டைப் பக்கம் ஒரு பாங்கில் அதிகாரி. இன்னும் ரிடையர் ஆகவில்லை. ஆகவே சமையல் பஞ்சாபகேசனுடையது. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

புதுக் கட்டடத்தில் காஸ் கிடையாது. குழாய் காஸுக்கு அனுமதி வரவில்லை; சிலிண்டரைக் கமிட்டி உள்ளே விடவில்லை. வீட்டுக்கு வீடு பில்டரே ஒரு மின்சார அடுப்பைப் பதித்துக் கொடுத்திருந்தார். அதற்கு மட்டும் வீட்டு மெயின் போர்டோடு சேராத தனிக் கம்பி. அந்தக் கம்பியை மொத்தமாகத் துண்டிப்பதற்குச் சுவரில் ஒரு பெரிய சிவப்பு ஸ்விட்ச். அது இருந்த இடம்தான் விசேஷம். அடுப்புக்கு நேர் பின்னால், வாணலிக்கு ஒரு சாண் மேலே. ரசம் கொதித்தால் ஆவி அதன் மேல் படும். கடுகு வெடித்தால் அதில் போய் ஒட்டும். அணைக்க வேண்டுமானால் கொதிக்கிற எல்லாவற்றையும் தாண்டிக் கையை நீட்ட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எண்ணெய் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்துவிட்டது. பஞ்சாபகேசன் அடுப்பின் திருகைத் திருப்பினார். திருகு கையோடு வந்துவிட்டது. அடுத்த கணம் வாணலி பற்றிக்கொண்டது. நெருப்புக்கு அந்தப் பக்கம் ஸ்விட்ச், இந்தப் பக்கம் பஞ்சாபகேசன். கையை நீட்டினார், முழங்கை வரை பொசுங்கிய பிறகுதான் இழுத்துக்கொண்டார். பெரிய தட்டை எடுத்து வாணலியை மூடியதில் தீ அடங்கியது. ஆனால் அடியில் அடுப்பின் வட்டம் சிவந்துகொண்டே போயிற்று. கடைசியில் வாசலுக்கு ஓடிக் குடையை எடுத்துவந்து, அதன் நுனியால் ஸ்விட்சைக் குத்தி அணைத்தார்.

அன்று மாலை அவர் கையில் மருந்து தடவிக்கொண்டே விஜயலக்ஷ்மி சொன்னாள்: "ஏன்னா, சுவத்துல இத்தனை இடம் கிடக்கு. அந்த ஸ்விட்சை ஃப்ரிட்ஜ் பக்கமா ஒரு முழம் தள்ளி வெச்சா என்ன?"

"வெக்கலாம்தான். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. நாளைக்கே வரச் சொல்றேன்."

மறுநாள் முகம்மது ஹனீப் வந்தார். தாராவியில் கடை வைத்திருப்பவர். மாட்டுங்காவில் பாதி வீடுகளுக்கு அவர்தான் எலக்ட்ரீஷியன். ஆனால் அவருடைய டிரில்லிங் மெஷின் கேட்டைத் தாண்டவில்லை. வாட்ச்மேன் செல்லப்பாண்டி இன்டர்காமில் கூப்பிட்டான்.

"ஸார், ஹனீப் பாய் வந்திருக்காவ. ஆனா சேர்மன் ஐயா பெர்மிசன் இல்லாம சொவத்துல ஒரு ஆணிகூட அடிக்கப்பிடாதுன்னு உத்தரவு. நான் விட்டா எனக்கு வேல போயிரும்."

சேர்மன் வானமாமலை மத்திய அரசில் பாதுகாப்பு சம்பந்தமான ஏதோ ஒரு இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இலாகா என்று யாரும் கேட்டதில்லை. எதிலிருந்து எதைப் பாதுகாத்தார் என்றும் கேட்டதில்லை. தரைத்தளத்து ஆபீஸ் அறையில் நீள மேஜைக்குப் பின்னால் அவரும் கமிட்டி அங்கத்தினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சாபகேசனுக்கு நாற்காலி போடவில்லை. கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஸ்விட்சை எப்போ வெச்சா?" என்று கேட்டார் சேர்மன்.

"பில்டிங் கட்டறச்சே வெச்சதுதான் ஸார்."

"நீங்க எப்போ குடி வந்தேள்?"

"கட்டி முடிச்சப்பறம்."

"ஆக, ஸ்விட்ச் அங்கே முதல்லயே இருந்தது. நீங்கதான் அப்பறமா அது முன்னாடி போய் நின்னேள்." மேஜையைச் சுற்றித் தலைகள் ஆடின. "பஞ்சாபகேசன், மொட்டை மாடியிலேருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டா, பத்தொன்பது மாடி ஸ்விட்சையும் ஒரே நேர்க்கோட்டுல தொட்டுண்டு கீழே வரும். பாம்பேல வேற எந்த பில்டிங்லயாவது இது உண்டா? அதை நீங்க ஒருத்தர் ஒரு முழம் கலைக்கறேங்கறேள்."

"இல்லை ஸார், ஆபத்துன்னு வந்தா கை எட்டணுமோல்லியோ..."

"ஆபத்துன்னு வந்தா நீங்க வெளில ஓடணும். ஸ்விட்ச்கிட்ட உங்களுக்கு என்ன வேலை?"

பஞ்சாபகேசன் கட்டுப் போட்ட கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். அதுதான் அவர் செய்த பிசகு. சேர்மனின் பார்வை அந்தக் கையில் நிலைத்தது. அவர் முகத்தில் ஒரு கனிவு வந்தது. அந்தக் கனிவைப் பார்த்ததும் பஞ்சாபகேசன் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முழுவதும் பதினாலாவது மாடிக்கு வந்தது. செருப்பைக் கழற்றாமல் சமையலறைக்குள் போனார்கள். தீ எப்படிப் பிடித்தது என்று நடித்துக் காட்டச் சொன்னார்கள். பஞ்சாபகேசன் காலி வாணலி முன்னால் நின்று, இல்லாத தீயைப் பார்த்துப் பயந்து, குடையை எடுக்க ஓடினார். இரண்டாம் தடவையும் ஓடச் சொன்னார்கள். மூன்றாம் தடவை ஓடும்போது விஜயலக்ஷ்மி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சேர்மன் அடுப்பு, ஸ்விட்ச், பஞ்சாபகேசன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "தப்பு நம்ம பேர்லதான். இத்தனை நாளா நாம பாக்கவே இல்லை. நெருப்பு எங்கே வரது? சமையலறையில. அதை அணைக்கற ஸ்விட்சை எங்கே வெச்சிருக்கோம்? அதே சமையலறையில! அது ஃப்ரிட்ஜ் பக்கம் இருந்தா என்ன, பரண்ல இருந்தா என்ன? ஸ்விட்ச் சமையலறையிலேயே இருக்கப்படாது."

ஒரு அங்கத்தினர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பஞ்சாபகேசனும் ஒரு கையால் எப்படித் தட்டுவது என்று தெரியாமல் தொடையில் தட்டினார்.

வேலை மளமளவென்று நடந்தது. எல்லா வீட்டு அடுப்புக் கம்பிகளையும் மாடிகளின் ஊடாக இறங்கும் மின்சார ஷாஃப்ட் வழியாகக் கீழே இழுத்தார்கள். சமையலறைச் சுவர்களில் ஸ்விட்ச் இருந்த பள்ளத்தை சிமென்ட் வைத்துப் பூசினார்கள். ஆபீஸ் அறையின் ஒரு சுவர் முழுக்க வீட்டு எண் எழுதிய சிவப்பு ஸ்விட்சுகள், அவற்றுக்குக் கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பூட்டு, சாவி சேர்மன் கழுத்தில் தொங்கிய பட்டையில். அடுப்பு வேண்டியவர்கள் ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும்.

திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு அவர் பேசினார்: "இன்று முதல் உங்கள் அடுப்பு உங்கள் கவலை அல்ல. எங்கள் கவலை. நம் அங்கத்தினர் பஞ்சாபகேசன் பட்ட காயத்தினால் கிடைத்த பாதுகாப்பு இது. அவருக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்."

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். கடமைப்பட்டவர்கள் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் விஜயலக்ஷ்மி சொன்னாள்: "ஒரு முழம் தள்ளி வெக்கச் சொல்லிப் போனேள். பதினாலு மாடி தள்ளி வெச்சுட்டு வந்திருக்கேள்."

முதலில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. காலையில் போன் செய்தால் அடுப்பு உயிர் பெறும். சமைத்து முடித்துச் சொன்னால் அணையும். பிறகு எதிர்வீட்டு சுஷ்மா, லிஃப்ட் அடிக்கடி நிற்கிறதே, இதற்கா மெயின்டனன்ஸ் கட்டுகிறோம் என்று சொசைட்டியின் வாட்ஸாப் குழுவில் கேட்டாள். சுஷ்மா மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள்; தனியாக இருந்து மகளை வளர்க்கிறாள். மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிற ஜாதி. மறுநாள் காலை அவள் அடுப்பு வரவில்லை. மகள் ஷாலினிக்கு டிபன் கட்ட முடியாமல், பஞ்சாபகேசனையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

"அங்கிள், இது என்ன பனிஷ்மென்டா? நேரா சொல்லுங்க."

வானமாமலை காதைப் பொத்திக்கொண்டார். "பனிஷ்மென்டா? சிவ சிவா! நாங்க யாரும்மா உன்னை தண்டிக்க? நேத்து நீ எழுதினதைப் படிச்சேன். கோபம் தெரிஞ்சுது. கோபமா இருக்கறவா கொதிக்கற எண்ணெய்கிட்ட நிக்கப்படாது. உன் மனசு ஆறினதும் சொல்லு, போடறேன்."

"எனக்குக் கோபம் இல்லை, அங்கிள்."

"இப்போகூடக் குரல் உசர்றது பார்."

சுஷ்மாவின் மனசு ஆறுவதற்கு இரண்டு நாள் பிடித்தது. அதற்குள் கட்டடத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. லிஃப்டில் சேர்மனைக் கண்டால் பெரியவர்கள் சிரித்தார்கள். குழந்தைகளுக்கும் சிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கார் நிறுத்துவதில் சண்டை போட்டவர்கள் சண்டையை நிறுத்திக்கொண்டார்கள். ஏகாதசி தோறும், அதை அனுஷ்டிக்காத வீடுகள் உட்பட எல்லா அடுப்பும் உடல் நலத்தை முன்னிட்டு அணைந்தே இருந்தது. வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிற சத்தம்கூடக் குறைந்தது. சாயங்காலங்களில் அவ்வளவு பெரிய கட்டடம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

பஞ்சாபகேசன் எதுவும் எழுதவில்லை, யாரையும் எதிர்க்கவில்லை. லிஃப்டில் ஒருநாள் ஏதோ யோசனையில் சிரிக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

அடுப்பு அணைந்தது. போன் செய்தார். "களைப்பா இருக்கேள், ஓய்வெடுத்துக்கோங்கோ" என்றார் சேர்மன். ஒரு வாரம் ஹோட்டல் இட்லி. விஜயலக்ஷ்மிக்கு வயிறு கெட்டு, லீவு போட்டாள். அன்று பஞ்சாபகேசன் செல்லப்பாண்டிக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிட்டு ஹனீப்பைக் கூப்பிட்டார். கையில் மெஷின் இல்லாமல், ஸ்க்ரூ டிரைவரை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஹனீப் வந்தார்.

"அழைப்பு மணி ரிப்பேருக்குன்னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன் ஸார், டென்ஷன் எடுக்காதீங்க," என்று செல்லப்பாண்டி கீழிருந்து இன்டர்காமில் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

ஹனீப் ஷாஃப்ட் கதவைத் திறந்து பார்த்தார். "கீழ ஆபீசுக்குப் போயிட்டுத் திரும்பி வாற கம்பி இதுதான் ஸாப். ரெண்டையும் இங்கயே சேத்துட்டா, கீழ அவரு ஸ்விட்சைப் போட்டாலும் ஒண்ணுதான், அணைச்சாலும் ஒண்ணுதான். ஆனா பிறகு உங்களுக்குன்னு ஒரு ஸ்விட்சே இருக்காது, அடுப்புத் திருகு மட்டும்தான். ஃப்ரிட்ஜ் பக்கத்துல ஒண்ணு வெச்சிரட்டுமா?"

ஃப்ரிட்ஜ் பக்கத்துச் சுவரைப் பஞ்சாபகேசன் வெகுநேரம் பார்த்தார். மாதா மாதம் கமிட்டி பாதுகாப்புச் சோதனைக்கு வருகிறது. சுவரில் ஒரு சிவப்பு ஸ்விட்சைக் கண்டால் என்ன ஆகும்?

"வேண்டாம்," என்றார். "ஸ்விட்ச் வேண்டாம். சும்மா சேத்துடுங்கோ."

சொல்லும்போதே கையிலிருந்த பழைய தழும்பு அரித்தது.

அடுத்த சில வாரங்களில் அபயா டவர்ஸில் அநேகமாக எல்லா வீட்டு அழைப்பு மணியும் பழுதாயிற்று. ஹனீப் காலையிலும் மாலையிலும் வந்து போனார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. கீழே வானமாமலை வழக்கம்போலக் கண்ணாடிக் கதவைத் திறந்து அடுப்புகளைப் போட்டார், அணைத்தார். அணைக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் சமையலறை ஜன்னலை இறுக மூடி, தாளிக்கும்போது துணி வைத்து வாசல் இடுக்கை அடைத்துவிட்டு, காலி டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வழியாக வெளியே போய்வந்தார்கள்.

"நேத்து ஆறு வீட்டை நிறுத்தினேன்," என்று வானமாமலை ஒருநாள் பஞ்சாபகேசனைத் தோளில் தட்டிச் சொன்னார். "ஆறு வீடும் கேரியரும் கையுமா என்னைத் தாண்டிப் போறது. முகத்துல என்ன ஒரு பணிவு! அதிகாரத்துக்காக நான் இதைப் பண்ணலை, பஞ்சாபகேசன். பணிவு இருக்கற இடத்துல விபத்து வராது."

அந்தப் பணிவில் தன்னுடையதும் ஒன்று என்று பஞ்சாபகேசனுக்குத் தெரியும். சுவருக்குச் சுவர், மாடிக்கு மாடி, திருகு போனால் அணைக்க வழியில்லாத அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கின்றன என்பதும் தெரியும். மதியத்தில் தனியாக இருக்கும்போது சுவரில் காதை வைத்துக் கேட்பார். ஒன்றும் கேட்காது.

பாதுகாப்பு வாரம் வந்தது. சாயங்காலம் ஆபீசில் கமிட்டி விழா ஒத்திகையில் இருந்தது. பஞ்சாபகேசன் வாசலில் செருப்பு மாட்டும்போது எதிர்வீட்டுக் கதவின் அடியிலிருந்து கறுப்பாக ஏதோ கசிவதைப் பார்த்தார். புகை. மணியை அழுத்தினார். அது நன்றாகவே அடித்தது.

"அங்கிள்!" உள்ளே ஷாலினியின் குரல், தூரத்திலிருந்து. "பூரி போட்டேன்... நாப் சுத்திக்கிட்டே இருக்கு, ஆஃப் ஆகலை... கிச்சனைத் தாண்டி வர முடியல... பால்கனியில இருக்கேன்!"

"அம்மா எங்கேடி?"

"தாதர்ல... ட்ரெயின்ல வரா!"

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அக்கம்பக்கத்தவர்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் தோளால் மோதினார்கள். ஒருவர் பெரிய பக்கெட்டில் தண்ணீரோடு வந்தார். பஞ்சாபகேசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி விடாதேள்! உள்ளே கரண்ட் ஓடிண்டிருக்கு."

எல்லோருக்கும் அது தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றார்கள். பஞ்சாபகேசன் ஆபீசுக்குப் போன் செய்தார்.

"சேர்மன் ஸார், சுஷ்மா வீட்டுல நெருப்பு! குழந்தை உள்ளே மாட்டிண்டிருக்கா. மீட்டர் ரூமைத் திறந்து மெயினை அணையுங்கோ!"

"பதட்டப்படாதேள்," என்றது நிதானமான குரல். "இப்போதான் போர்டைப் பாத்துண்டிருக்கேன். அந்த வீட்டு ஸ்விட்ச் மூணு நாளா ஆஃப். அந்தப் பொண்ணு திரும்பவும் லிஃப்டைப் பத்தி எழுதியிருந்தா. அங்கே நெருப்பு வர வழியே இல்லை."

"புகையை நான் பாத்துண்டிருக்கேன் ஸார்!"

"அது வேற எங்கேயிருந்தாவது வர புகையா இருக்கும்."

உள்ளே கண்ணாடி ஏதோ வெடித்துச் சிதறியது. ஷாலினி அலறினாள். பஞ்சாபகேசன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒருத்தி, வேண்டாம் என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தாள். அவர் போனில் கத்தினார், கத்திப் பழக்கமில்லாத குரல் பிளந்துகொண்டு வந்தது.

"அது ஆஃப்ல இல்லை! எதுவுமே ஆஃப்ல இல்லை! உங்க போர்டுல இருக்கற எந்த ஸ்விட்சும் எதையும் அணைக்காது ஸார்! கம்பியை எல்லாம் மாத்தியாச்சு! மெயினை அணையுங்கோ!"

அந்தப் பக்கம் ஒத்திகைக்காக வைத்திருந்த மைக்கின் இரைச்சல் கேட்டது. பிறகு வானமாமலை, "நீங்க இப்போ நிதானத்துல இல்லை," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பஞ்சாபகேசன் படியில் ஓடினார். எங்கே விழுந்தார், எங்கே எழுந்தார் என்று பின்னால் அவருக்கு ஞாபகமில்லை. கீழே கேட்டருகில் செல்லப்பாண்டி நின்றான்.

"பாண்டி, மீட்டர் ரூம்!"

"அந்தச் சாவியும் அவுக கழுத்துல கெடக்கே ஸார்."

"உடை. சுஷ்மா பொண்ணு உள்ளே எரியறா."

செல்லப்பாண்டி ஆபீஸ் வாசலை ஒரு தடவை பார்த்தான். கொடிக்கம்பத்துக்காக வைத்திருந்த இரும்புக் குழாயை எடுத்துப் பூட்டில் ஓங்கி அடித்தான். இரண்டாவது அடியில் பூட்டு தெறித்தது. மெயினைக் கீழே இழுத்தார்கள். பத்தொன்பது மாடியும் ஒரேயடியாக இருண்டது. ஆபீசில் மைக் பாதி வார்த்தையில் நின்றது.

மேலே கதவு உடைந்திருந்தது. தண்ணீரையும் மணல் வாளிகளையும் கொட்டித் தீயை அடக்கினார்கள். ஈரப் போர்வையில் சுற்றி ஷாலினியைத் தூக்கி வந்தார்கள். வலது கை மணிக்கட்டு வரை வெந்திருந்தது, மூச்சு இழுத்தது, ஆனால் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்த சுஷ்மா இருட்டில் ஒவ்வொருவர் முகமாகத் தடவித் தடவி மகளைத் தேடினாள். சயான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் மகளின் இடது கையை விடவில்லை.

பூட்டை உடைத்ததற்காகச் செல்லப்பாண்டியை மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பஞ்சாபகேசன் கேட்டுக்குப் போனபோது அவன் யூனிபார்மை மடித்து நாற்காலியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்கிடாதீங்க ஸார். விக்ரோலியில ஒரு கம்பெனியில ஆள் கேட்டிருக்காவ. அந்தப் புள்ள பொழச்சிட்டுல்லா, அது போதும்."

ஷாலினி வீடு திரும்பிய பிறகு ஜெனரல் பாடி மீட்டிங் கூட்டினார்கள். இடமில்லாமல் ஜனம் சுவரோரம் நின்றது. வானமாமலை ஆரம்பித்தார்.

"துயரமான சம்பவம். ஆனால் நாம் பெருமைப்படவும் இடமிருக்கிறது. அந்த வீட்டு அடுப்பு, சம்பவத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே நம் போர்டில் அணைக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்தத் தீக்கும் நம் ஏற்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமே இல்லாத தீயைக்கூட நம் சொசைட்டி அணைத்துக் காட்டியிருக்கிறது. நம் போர்டு பழுதில்லாமல் வேலை செய்கிறது என்று ஒரு தீர்மானம் போடலாம்."

பஞ்சாபகேசன் எழுந்தார். பக்கத்திலிருந்த விஜயலக்ஷ்மி அவர் சட்டையைப் பிடித்து இழுப்பாள் என்று நினைத்தார், அவள் இழுக்கவில்லை.

"போர்டு செத்து மாசக்கணக்காச்சு," என்றார். "என் வீட்டுக் கம்பியை நான்தான் மாத்தினேன். ஒரு ஸ்விட்ச்கூட இல்லாம மாத்தினேன், உங்களுக்கு பயந்துண்டு. எனக்கு தைரியம் இருந்து அன்னிக்கே ஒரு ஸ்விட்சை வெச்சிருந்தா, பாத்து நாலு பேர் வெச்சிருப்பா. இந்தக் குழந்தை கை வெந்திருக்காது. என்னை மாதிரி பண்ணினவா கையைத் தூக்குங்கோ. எல்லாரும் தூக்கினா யாரை என்ன பண்ணுவா?"

யாரும் தூக்கவில்லை. போலீஸ் வரலாம், இன்ஷூரன்ஸ் போகலாம், வீடே போகலாம். எல்லோரும் தங்கள் மடியைப் பார்த்தார்கள்.

இரண்டாவது வரிசையில் வெள்ளையாக ஒன்று மெல்ல எழுந்தது. ஷாலினியின் கட்டுப் போட்ட கை. அறையில் ஒரு சலனம். சுஷ்மா திரும்பி மகளைப் பார்த்தாள். வலிக்காதபடி, கட்டின் மேல் விரல் படாதபடி, அந்தக் கையை முழங்கையில் பிடித்துக் கீழே இறக்கி, தன் மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

"மைனருக்கு ஓட்டு இல்லை," என்றார் வானமாமலை அன்பாக. "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்து, ஒரு குறை. மீட்புக்குப் போனவர்களை அன்று தடுத்தது எது? உள்ளே போட்டிருந்த தாழ்ப்பாள். ஆபத்து உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாளும் உள்ளே இருக்கலாமா? ஆகவே எல்லா வீட்டுத் தாழ்ப்பாளும் கதவுக்கு வெளிப்பக்கம் வைக்கப்படும். இரவில் போடுவதையும் காலையில் எடுப்பதையும் கமிட்டியே கவனித்துக்கொள்ளும்."

கை தட்டல் முன் வரிசையிலிருந்து கிளம்பிப் பின்னால் வந்தது. நின்றுகொண்டிருந்த பஞ்சாபகேசனைச் சுற்றி இரண்டு பக்கமும் கடந்து, சுவரைத் தொட்டது.

வாரக் கடைசியில் வானமாமலையே பதினாலாவது மாடிக்கு வந்தார். பின்னால் ஹனீப், கையில் மெஷினோடு. சொசைட்டிக்கு இப்போது அவர்தான் நிரந்தர எலக்ட்ரீஷியன். அவருக்குப் பின்னால் ஒரு தச்சர்.

"பஞ்சாபகேசன், உங்க மேல எங்களுக்கு வருத்தம் இல்லை. நீங்க முதமுதல்ல கேட்டது சாங்ஷன் ஆயிடுத்து. ஃப்ரிட்ஜ் பக்கமா ஒரு முழம் தள்ளி, தனி ஸ்விட்ச். உங்களுக்கு மட்டும்."

"மத்தவாளுக்கு?"

"மத்தவா யாரும் கேக்கல்லியே."

ஹனீப் பஞ்சாபகேசனின் கண்ணைப் பார்க்காமல் வேலை செய்தார். சுத்தமான வேலை. நெஞ்சு உயரத்தில், அடுப்புக்கு மேலும் இல்லாமல் மறைவாகவும் இல்லாமல், ஆவியும் எண்ணெயும் படாமல், சும்மா கையை நீட்டினால் எட்டும்படி ஸ்விட்ச் உட்கார்ந்தது. அந்த நேரத்தில் தச்சரும் வாசல் கதவில் தன் வேலையை முடித்துவிட்டார். எல்லோரும் வெளியே போனார்கள்.

விஜயலக்ஷ்மி அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்தாள். பஞ்சாபகேசன் சோபாவில் வந்து உட்கார்ந்தார். வாசலில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று தச்சர் போட்டுப் பார்க்கிறார், சரியாகவே விழுந்தது. திரும்ப எடுக்கிற சத்தத்துக்காகப் பஞ்சாபகேசன் காத்திருந்தார். அதற்குப் பதிலாக, எதிர்வீட்டு மணி அடித்தது. சுஷ்மா கதவைத் திறந்தாள். அங்கே துளை போட ஆரம்பித்தார்கள்.

அவர் எழுந்து போய்க் கதவைத் தட்டினார். "ஹலோ! எங்களுது போட்டே இருக்கு! எடுங்கோ!"

மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

"என்னன்னா?" என்றாள் விஜயலக்ஷ்மி சமையலறையிலிருந்து. "கதவு திறக்கலையா?"

அவர் சமையலறைக்கு வந்தார். எண்ணெயிலிருந்து லேசாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கையை நீட்டினார். சிரமமில்லாமல் எட்டியது. அழுத்தினார். அடுப்பு உடனே அணைந்தது.

"நன்னா வேலை செய்யறது," என்றார்.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் வாசல் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துளை போடுகிற சத்தம் எதிர்வீட்டில் முடிந்து, படியிறங்கிப் பதிமூன்றாவது மாடிக்குப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.